வீட்டுச் சுண்டெலியும் அதனை ஒழிக்கும் வகையும்

"எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினாற்போல" என்பது நம் நாட்டில் வழங்கும் பழமொழிகளுள் ஒன்று. எலியினால் விளையும் துன்பம் பெரிதேயாயினும், அதனை நீக்கக் கைக்கொள்ளும் உபாயம் அத்துன்பத்தினும் பெரிதாதல் கூடாது என்பதே அதன் கருத்து. இப்பழமொழியைக் கேட்டு நகைக்கின்றோமேயன்றி, அதனுள் அடங்கிய அறிவுரையை நாம் பின்பற்றுகின்றோமில்லை. ஒரு சுண்டெலியைக் கொல்லும்பொருட்டுக் குழந்தைகள் தவழும் அறையில் நஞ்சை வைப்பாரும், முன்பின் அறியாத ஒருவரைக் கூலிக்கு அழைத்து, அவர் வைப்பது யாதென்றுங் கேளாமல் வீட்டை அவர் கையில் ஒப்படைப்பாரும் நம்மிடையே பலர் உளர். ஆதலின், சுண்டெலியின் இயல்பு யாது, அதனை ஒழிக்கும் முறையான வழி யாது, பிறர் உதவியை நாடுங்கால் நாம் ஆராய வேண்டுவன யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஒருவாறு காண்போம். விடுமுறை கழிந்து ஊரிலிருந்து முறுக்கும் பொரிவிளங்காய் உருண்டையும் கொணர்ந்து, விடுதிக் கட்டிலின்கீழ் வைத்து, மறுநாட் காலையில் வெறும் பொட்டலத்தைக் கண்ட மாணவ நண்பர்கட்கு இப்பொருளின் இன்றியமையாமையை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

சுண்டெலியின் இயல்பு

எலி என்னும் பொதுப்பெயரால் நாம் பல பிராணிகளைக் குறிக்கின்றோம். கூரையிலும் பரணிலும் ஓடும் வீட்டெலி வேறு; நிலத்தைத் தோண்டி வளை செய்யும் பெருச்சாளி வேறு; சுண்டெலி வேறு. நீண்ட மூக்கும் ஒருவகை நாற்றமும் உடைய மூஞ்சூறு எலியினத்தைச் சேர்ந்ததேயன்று. அது கரப்பான் முதலிய பூச்சிகளைத் தின்று வாழ்வது. இவ்வேறுபாட்டை அறிதல் வீண் ஆராய்ச்சியன்று. பெருச்சாளியின் வளையில் சுண்டெலிப் பொறியை வைத்தலும், பூச்சி தின்னும் மூஞ்சூற்றுக்குத் தானிய நஞ்சு வைத்தலும் பயனில் செயல்களாம். எச்சத்தைக் கொண்டே வந்தது யாதென்று அறியலாம். சுண்டெலியின் எச்சம் அரிசி மணியினும் சிறிதாய் முனை கூர்ந்திருக்கும். பெரிய எலியின் எச்சம் அதனினும் இரண்டு மூன்று மடங்கு நீண்டிருக்கும்.

வடமொழியில் எலியைக் குறிக்கும் மூஷிகம் என்னும் சொல்லும், இலத்தீன் மொழியின் மூஸ் என்னும் சொல்லும், ஆங்கிலத்தின் மௌஸ் என்னும் சொல்லும் ஓரினத்துச் சொற்களே. மனிதன் தானியத்தைச் சேர்த்துவைக்கத் தொடங்கிய நாள்முதல் இச்சிற்றுயிர் அவனை விடாது தொடர்ந்து வந்திருக்கின்றது. அதன் எடை பெரும்பாலும் 20 கிராமுக்கு உட்பட்டது. நாளொன்றுக்கு அது தின்பது ஏறக்குறைய 3 கிராமே. தின்னும் பண்டத்தில் உள்ள ஈரத்தைக்கொண்டே நீரின்றியும் நெடுநாள் வாழவல்லது. 6 மில்லிமீட்டர் அகலமுள்ள சந்து, அஃதாவது ஒரு பென்சில் நுழையும் இடம், அதற்கு வாயிலாகும். பெண் சுண்டெலி ஏறக்குறைய மூன்று வாரங்களிற் குட்டி ஈனும். ஓர் ஈற்றில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும். அக்குட்டிகள் இரண்டு திங்களுக்குள் தாமும் ஈனும் பருவம் எய்தும். பென்சில் முனையளவு சந்தும் நாளொன்றுக்கு 3 கிராம் உணவும் உள்ளவிடத்து ஒரு குடும்பமே பெருகும் என்பது இதனால் விளங்கும்.

அதனால் விளையும் கேடு

சுண்டெலி தின்பது சிறிது, கெடுப்பது பெரிது. நாளொன்றுக்கு அது 50க்கு மேற்பட்ட எச்சங்களை இடும். செல்லும் வழியெல்லாம் சிறுநீர் சிந்தும். அவ்வாறு கெட்ட உணவினால் வயிற்றுப்போக்கை விளைவிக்கும் நுண்ணுயிர்கள் பரவும். மழைக்காலத்தில் நாம் அஞ்சும் எலிக்காய்ச்சலும் எலியினங்களின் சிறுநீர்வழி பரவுவதே. அன்றியும், அதன் வெட்டுப்பற்கள் வாழ்நாள் முழுதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். அவற்றைத் தேய்க்க அது ஓயாது எதையேனும் கொறிக்கும். புத்தகமும் துணியுமேயன்றி மின்சாரக் கம்பியின் உறையும் அதற்கு இரையாகும். உறையிழந்த கம்பியினால் தீ எழுதலும் உண்டு. இத்தகைய விருந்தினரை வீட்டில் வைத்திருத்தல் தகாது என்பதில் ஐயமில்லை. ஒழிக்கும் வழி யாது என்பதே வினா.

கொல்லுதல் மட்டும் போதாமை

எலியைக் கண்டவுடன் கொல்லவேண்டும் என்று எண்ணுதல் மனித இயல்பு. கொல்லுதல் மட்டுமே போதுமா? இதற்கு விடையாகப் பிறநாட்டு வரலாறுகள் இரண்டைக் கூறுவோம்.

1902ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்த ஹனோய் நகரத்தில், அவர்கள் புதிதாய்க் கட்டிய சாக்கடைகளில் எலிகள் அளவின்றிப் பெருகின. கொள்ளைநோய்க்கு அஞ்சிய அதிகாரிகள், எலியைக் கொன்று அதன் வாலைக் கொணர்வார்க்கு வாலொன்றுக்கு இவ்வளவு காசு எனப் பரிசு அறிவித்தனர். வால்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிந்தன. ஆயினும் எலிகள் குறைந்தபாடில்லை. சின்னாட்களில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடுவதைக் கண்டு அதிகாரிகள் திகைத்தனர். வாலை நறுக்கிக்கொண்டு, மேலும் குட்டி ஈனுமாறு எலியை உயிரோடு விட்டிருந்தனர் மக்கள்! காசுக்காக எலி வளர்ப்பாரும் தோன்றினர். பரிசுத்திட்டம் கைவிடப்பட்டது. செத்த எலிக்குக் காசு கொடுத்தால் எலியே விளைபொருளாகும் என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது.

மற்றொன்று 1940க்குப் பின்னர் அமெரிக்காவிலுள்ள பால்டிமோர் நகரத்தில் நிகழ்ந்தது. அங்கு ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்து அறிஞர்கள், டேவிட் டேவிஸ் முதலானோர், நகரத்து எலிகளை எண்ணி ஆராய்ந்தனர். ஒரு குடியிருப்பில் எலிகளுட் பெரும்பகுதியைக் கொன்றொழித்தாலும், உணவும் உறைவிடமும் முன்போலவே இருக்குமாயின், சில திங்களில் அவை பழைய தொகைக்கே பெருகிவிடுகின்றன என்று கண்டனர். குப்பையை அகற்றி, மறைவிடங்களை அழித்தவிடத்தோ, எலிகளின் தொகை குறைந்து குறைந்தபடியே நின்றது. அவர்கள் ஆராய்ந்தது பெரிய எலியையே. எனினும் அவ்விதி சுண்டெலிக்கும் பொருந்தும். ஒரு வீட்டில் எத்தனை எலிகள் வாழும் என்பதை உறுதி செய்வது நாம் கொன்ற தொகையன்று. நாம் விட்டுவைத்த உணவும் சந்துமே.

அடைத்தலும் அகற்றலும்

ஆதலின் முதற்பணி வழியை அடைத்தலாம். ஒரு பென்சிலைக் கையிற்கொண்டு வீட்டைச் சுற்றி வருக. அது நுழையும் சந்து எதுவோ அதுவே எலியின் வாயில். சமையலறைத் தொட்டியின்கீழ்க் கழிவுநீர்க் குழாய் சுவரை ஊடுருவும் இடம், குளிர்ப்பதனக் கருவியின் குழாய் வெளியேறும் துளை, மின்கம்பி புகும் துளை, கதவின் அடிச்சந்து, கிழிந்த சன்னல் வலை, ஓட்டுக்கூரை சுவரைச் சந்திக்கும் விளிம்பு ஆகிய இவையே பெரும்பாலும் குற்றவாளிகள். மரத்துண்டு, ரப்பர், பிளாஸ்டிக், பஞ்சு முதலியன கொண்டு அடைத்தலாற் பயனில்லை. அவற்றை எலி ஓரிரவிற் கொறித்துவிடும். பாத்திரம் தேய்க்கும் இரும்புக் கம்பிச் சுருளைத் துளையில் இறுகத் திணித்து, மேலே சிமெண்டுக் கலவை பூசுதல் நன்று. கதவின் அடியிற் தகரப் பட்டை தைக்கலாம். ஒரு சந்து எலி நடமாடும் வழியா அன்றா என்று ஐயுறின், இரவில் அதன் முன்னர்ச் சிறிது மாவைத் தூவிவைத்தால், காலையில் அடிச்சுவடு உண்மை கூறும்.

இரண்டாவது பணி உணவை அகற்றலாம். அரிசி, பருப்பு, மாவு முதலியவற்றை மூடியுள்ள தகர டப்பாவிலோ எவர்சில்வர்ப் பாத்திரத்திலோ வைத்தல் வேண்டும். சாக்கும் பிளாஸ்டிக் பையும் எலிக்குத் தடையாகா. இரவில் எச்சிற் பாத்திரங்களைக் கழுவாது விடுதலும், நாய்க்கு வைத்த சோற்றை விடியும்வரை வைத்திருத்தலும் கூடா. அட்டைப்பெட்டிகளையும் பழைய செய்தித்தாள்களையும் மூலையிற் குவித்துவைப்போர் எலிக்குப் பிரசவ அறை கட்டிக்கொடுப்போரேயாவர். விடுதி மாணவர் தம் தின்பண்டங்களை ஒரு தகரப்பெட்டியில் இட்டு மூடினால், அறையிற் பாதித் தொல்லை அன்றே தீரும்.

பொறிகள்

வழியை அடைத்தபின் உள்ளே அகப்பட்டுக்கொண்ட சுண்டெலிகளைப் பிடிக்கப் பொறியே போதும். பெரிய எலி புதிய பொருளைக் கண்டால் அஞ்சிச் சில நாள் விலகிநிற்கும்; சுண்டெலியோ புதியதைக் கண்டால் நெருங்கி முகர்ந்து பார்க்கும். ஆகவே முதலிரண்டு இரவுகளிலேயே அது சிக்கும். ஒரு பொறியைப் பத்து இரவு வைத்தலினும், பல பொறிகளை ஓரிரவு வைத்தல் சிறந்தது. சுண்டெலி தன் வளையிலிருந்து பெரும்பாலும் 10 மீட்டருக்குள்ளேயே உலவுவதால், எச்சம் காணப்படும் இடத்தில் இரண்டு மூன்று மீட்டருக்கு ஒன்றாகப் பொறிகளை வைக்கவேண்டும். அது சுவரோரமாகவே ஓடுமாதலின், இரையுள்ள முனை சுவரைத் தொடுமாறு பொறியை வைத்தல் முறை. இரைக்கு வறுத்த நிலக்கடலையோ, சுட்ட தேங்காய்த் துண்டோ, நம் பாட்டிமார் கூண்டில் மாட்டும் மசால் வடையோ, பட்டாணியளவு போதும்.

அறைந்து கொல்லும் வில்பொறி நொடியிற் கொல்வது. ஆதலின் பசையட்டையினும் அதுவே இரக்கமுடையது. பசையட்டையில் ஒட்டிக்கொண்ட சுண்டெலி பல மணிநேரம் துடித்துச் சாகும். பல்லியும் சிட்டுக்குருவியும் கூட அதில் அகப்படுதல் உண்டு. இக்கொடுமை கருதி இந்திய விலங்குநல வாரியம் 2011ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் அதனைத் தடுக்குமாறு மாநிலங்களுக்கு எழுதியது. காதுக்குக் கேளாத ஒலியால் எலியை ஓட்டும் என்று விற்கப்படும் மின்கருவிகளை நம்பிப் பொருளிழத்தலும் வேண்டா. அத்தகைய கருவிகளை விற்போர் 60க்கு மேற்பட்டோர்க்கு, சான்றின்றிப் புகழ்ந்துரைத்தல் குற்றமாகும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2001ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது.

நஞ்சுகள்

நஞ்சு கடைசி உபாயமாதல் வேண்டும். அதிலும் வகை அறிந்தே நடத்தல் வேண்டும். நம் நாட்டில் வழங்கும் எலி நஞ்சுகள் மூவகைப்படும்.

முதலாவது, மஞ்சட் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட். இது மிகக் கொடியது. இதனைத் தின்ற குழந்தை முதல்நாள் வாந்தியெடுத்து, பின்னர்த் தேறியதுபோலத் தோன்றும், பெற்றோர் மகிழ்வர், அந்நிலையிலேயே கல்லீரல் அழிந்துகொண்டிருக்கும். இதற்கு மாற்று மருந்து இல்லை. இதனாற் பல உயிர்கள் மாய்ந்தமை கண்டு தமிழ்நாட்டரசு 2022, 2023ஆம் ஆண்டுகளில் இதன் விற்பனையைத் தடுக்க நடவடிக்கை எடுத்தது. எவ்விடத்தேனும் இது கிடைப்பினும் வாங்கற்க.

இரண்டாவது, பாஸ்பைன் என்னும் நச்சுவாயுவை விடும் பொருள்கள். துத்தநாகப் பாஸ்பைடு வயிற்றிலுள்ள அமிலத்தோடு கூடி அவ்வாயுவை விடும். அலுமினியப் பாஸ்பைடு மாத்திரையோ காற்றிலுள்ள ஈரத்தோடு கூடிய அளவிலேயே வாயுவை விடத் தொடங்கும். இது தானியக் கிடங்குகளுக்கு உரியது. மக்கள் உறையும் வீட்டிற்கு உரியதன்று. சட்டமும் இதனை அரசினர்க்கும் உரிமம் பெற்ற தொழிலாளர்க்குமே அனுமதித்துள்ளது. இவ்வாயுவிற்கும் மாற்று மருந்து இல்லை.

மூன்றாவது, இரத்தம் உறைதலைத் தடுக்கும் நஞ்சுகள். கடையில் எலி கேக் என்னும் பெயரால் விற்பது பெரும்பாலும் இவ்வகையினதே. இதன் வரலாறு சுவையுடையது. 1933ஆம் ஆண்டு குளிர்காலத்தில், அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து உழவர் ஒருவர், பூசணம் பிடித்த வைக்கோலைத் தின்ற தம் பசுக்கள் இரத்தம் நில்லாது ஒழுகி இறப்பதைக் கண்டு, உறையாத இரத்தத்தை ஒரு பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பனிப்புயலினூடே பல்கலைக்கழகத்தை அடைந்தார். அங்கிருந்த கார்ல் லிங்க் என்னும் அறிஞரும் அவர்தம் மாணவரும் பல ஆண்டுகள் உழைத்து, அவ்வைக்கோலில் இருந்த பொருளைப் பிரித்தெடுத்தனர். அதன் வழிவந்த ஒரு பொருள் 1948ஆம் ஆண்டில் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. ஆராய்ச்சிக்குப் பொருளுதவி புரிந்த பழைய மாணவர் அறக்கட்டளையின் பெயரெழுத்துக்களால் அதற்கு வார்பரின் என்று பெயரிட்டனர். பின்னர் அதுவே இரத்தக்கட்டு நோய்க்கு மருந்தாகவும் ஆயிற்று. பழைய மாணவர் தம் கல்லூரிக்கு அளிக்கும் பொருள் எங்ஙனம் பயன்படும் என்பதற்கு இதனினும் வியத்தகு சான்று யாது?

இவ்வகை நஞ்சைத் தின்ற எலி சில நாள் கழித்தே இறக்கும். இதற்கு வைட்டமின் கே1 மாற்று மருந்தாதலால், மூன்றனுள் தீமை குறைந்தது இது எனலாம். எனினும் குழந்தையும் நாயும் எட்டாத, பூட்டுள்ள பெட்டியில் இட்டே இதனை வைக்கவேண்டும். நஞ்சுண்ட எலியைத் தின்னும் ஆந்தையும் பூனையும் மடிதல் உண்டு என்பதையும் மறத்தலாகாது. எவ்வகை நஞ்சாயினும், குழந்தை தின்றதென்று ஐயமெழுந்த அப்பொழுதே, நோய்க்குறி தோன்றுவதற்குக் காத்திராமல், நஞ்சின் உறையையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைதல் கடன்.

கூலிக்கு ஆளமர்த்துதல்

சிலர்க்குச் சந்துகளைத் தேடியடைக்க நேரமும் வன்மையும் இரா. அவர்கள் பெஸ்ட் கண்ட்ரோல் தொழிலாளரை அழைத்தல் குற்றமன்று. ஆயின், எத்தகையோரை அழைப்பது?

2024ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பக்கத்தில் நிகழ்ந்த துயரத்தைப் பலரும் அறிவர். ஒரு குடும்பத்தார் எலித்தொல்லை நீங்கவேண்டிக் கூலிக்கு ஆளமர்த்தினர். வந்தவர் வீட்டினுள் நஞ்சு வைத்துச் சென்றனர். அன்றிரவு கதவடைத்துக் குளிர்ப்பதன அறையில் உறங்கிய குடும்பத்தார் விடியுமுன் வாந்தியும் மூச்சுத்திணறலுமாய் மருத்துவமனை சேர்ந்தனர். இளங்குழந்தைகள் இருவர் இறந்தனர். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதையைக் கேட்டு நகைத்த நாம் இதனைக் கேட்டு நகைக்க இயலுமோ? அப்பெற்றோர் செய்த பிழை யாதொன்றும் இல்லை, தொழிலறிந்தவர் என்று நம்பினர், அவ்வளவே. அத்தகைய நம்பிக்கையை நாம் சில வினாக்களால் சோதித்துக்கொள்ளல் வேண்டும்.

ஒன்று: உரிமம் உண்டா? 1968ஆம் ஆண்டின் பூச்சிமருந்துச் சட்டத்தையொட்டிய விதிகளின்படி, இத்தொழிலைக் கூலிக்குச் செய்வார் உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அதனைக் காட்டுமாறு கேட்டல் நாகரிகக் குறைவன்று.

இரண்டு: வைக்கும் நஞ்சின் பெயர் யாது? அதனை எழுதித் தருமாறு கேட்க. பெயர்ச்சீட்டில்லாத பொடியையும், வாயுவை விடும் மாத்திரையையும் வீட்டினுள் நுழையவிடற்க. "ஒன்றும் ஆகாது, ஐயா" என்பது விடையன்று.

மூன்று: வந்தவர் முதலில் எதைத் தேடுகின்றார்? வந்தவுடன் பையைத் திறந்து நஞ்சை எடுப்பவர் தொழிலறியாதவர். கைவிளக்கை ஏந்தி, தொட்டியின் அடியிற் குனிந்து, சந்தைத் தேடுபவரே தொழிலறிந்தவர்.

நான்கு: மீண்டும் வந்து பார்ப்பாரா? செத்த எலியையும் எஞ்சிய நஞ்சையும் எடுத்துச் செல்லல் அவர் பொறுப்பு என்பதை முன்னரே பேசிக்கொள்ளல் நன்று.

இங்கு யான் பட்ட அனுபவம் ஒன்றைக் கூறுகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டிற்கு வந்த தொழிலாளர் ஒருவர் நான்கு மூலையிலும் நீல நிறக் கேக்குகளை வைத்துக் கால்மணி நேரத்திற் கூலி பெற்றுச் சென்றார். ஐந்தாம் நாள் புத்தக அலமாரியின் பின்புறம் எங்கோ ஒரு சுண்டெலி இறந்து, அந்நாற்றத்தால் இரு வாரம் அவ்வறையைத் துறந்தோம். அடுத்த திங்களிற் புதிய சுண்டெலிகள் குடிபுகுந்தன. பின்னர், சமையலறைத் தரையைச் செப்பனிட வந்த கொத்தனார் ஒருவர், தொட்டியின் கழிவுக்குழாயைச் சுற்றியிருந்த சந்தைக் காட்டி, "அம்மா, கதவைத் திறந்து வைத்துக்கொண்டு திருடனை வைகிறீர்களே!" என்றார். ஒரு பிடி கம்பிச் சுருளும் ஒரு கரண்டிச் சிமெண்டும் அன்று முடித்த காரியத்தை அதற்குமுன் நான் கொடுத்த பணம் முடிக்கவில்லை.

அக்கொத்தனார் கூறியது புதிய அறிவன்று. செங்கற்பட்டுப் பக்கத்து வயல்களில் எலி பிடிக்கும் இருளர், முதலில் வரப்பைச் சுற்றிவந்து, எலி உறையும் வளை எது, வெறும் வளை எது என்று மண்ணைக்கொண்டே அறிவர். மற்ற வாயில்களை அடைப்பர். எஞ்சிய ஒன்றின்வழிப் பானையிலிருந்து புகையூதி, வளையைத் தோண்டி எலியைப் பிடிப்பர். புகையால் தம் மூச்சு கெடுவதையும் பொறுத்து அவர்கள் செய்யும் இத்தொழிலில் நஞ்சிற்கு இடமில்லை. வாயிலை அறிதலே எலியை வெல்லுதலின் முதற்படி என்பதை ஏட்டறிவு இல்லாமலே அவர்கள் அறிந்திருக்கின்றனர்.

முடிவுரை

எலி ஒழிந்தபின் அதன் எச்சத்தை உலர்ந்தபடி துடைப்பத்தாற் பெருக்குதல் தகாது. தூசியோடு நோய்க்கிருமிகளும் எழும். சன்னல்களை அரைமணி நேரம் திறந்துவைத்து, எச்சத்தைக் கிருமிநாசினி கலந்த நீரால் நனைத்து, கையுறையணிந்து துடைத்தெடுத்துப் பின் சோப்பிட்டுக் கைகழுவுதல் வேண்டும்.

இதுகாறுங் கூறியவற்றால், சுண்டெலியை ஒழித்தல் நஞ்சின் வன்மையால் ஆவதன்று, நம் கவனத்தால் ஆவது என்பது புலப்படும். முதலில் அடைத்தல், அடுத்து உணவை மூடுதல், பின்னர்ப் பொறி, இவையெல்லாம் தவறியவிடத்தே, அறிந்தவர் கையால், அறிந்த நஞ்சு. கூலி கொடுக்கும்பொழுதும் செத்த எலிக்குக் கொடாமல் அடைத்த சந்துக்குக் கொடுப்போமாக. வாலுக்குக் காசு கொடுத்த ஹனோய் நகரத்தார் வாலையே பெற்றனர். நாம் வேண்டுவது வாலன்று. நம் குழந்தைகள் அச்சமின்றி உறங்கும் வீடேயாம்.